கோலார் தங்கவயல் 1930 வேலைநிறுத்தம்: உங்கள் வீட்டில் யாராவது சொல்லிக் கேட்டதுண்டா?

நண்பர்களே, ஒரு உதவி. என் தாத்தாவின் அப்பா வட ஆற்காட்டிலிருந்து போய், இன்றைய கர்நாடகத்தில் உள்ள கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவர். குடும்பத்துக்காக அந்த ஊரின் தொழிலாளர் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன். 1880-களில் சுரங்கம் நடத்த ஜான் டெய்லர் என்ற பிரிட்டிஷ் கம்பெனி வந்தது, 1902-இலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது, 1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது, 2001 பிப்ரவரி 28-இல் மூடினார்கள். இதெல்லாம் புத்தகத்திலேயே கிடைக்கிறது.

நான் சிக்கி நிற்பது 1930-இல். தொழிலாளர்கள் கைரேகை வைத்துப் பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வேலைக்கு இறங்க மறுத்துவிட்டார்கள். முதல் பொறி கூலி இல்லை, ரேகை! குற்றவாளியிடம் வாங்குவதுபோல எங்களிடமும் வாங்குவதா என்ற ரோஷம்தான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீடுகளுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள்? அந்த நாட்களில் அடுப்பு எப்படி எரிந்தது? மளிகைக் கடைக்காரர் கடன் கொடுத்தாரா? பெண்கள் என்ன செய்தார்கள்?

மாரிகுப்பம், ஊரிகம், ஆண்டர்சன்பேட்டை பக்கம் வேர் உள்ளவர்கள், வீட்டுப் பெரியவர்கள் சொன்னது அரைகுறையாக இருந்தாலும் எழுதுங்கள். பழைய துண்டறிக்கை, கூலிச் சீட்டு, போட்டோ இருந்தால் படமெடுத்துப் போடுங்கள், பெயர், எண்களை மறைத்துவிட்டு. அப்புறம், அந்தக் காலத் தமிழ்ப் பத்திரிகைகளை எந்த நூலகத்தில் புரட்டிப் பார்க்கலாம் என்று தெரிந்தவர்களும் சொல்லுங்கள். அடுத்த மாதம் சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிறேன்.