சிமென்ட் தளத்தில் சிறுவர்களுக்கான டென்னிஸ் பந்து: ஆலோசனை தேவை

வணக்கம். மதுரையிலுள்ள எங்கள் டென்னிஸ் கிளப், அருகிலிருக்கும் மாநகராட்சிப் பள்ளியின் 8 முதல் 10 வயது வரையிலான 24 பிள்ளைகளுக்குக் கடந்த ஜூன் முதல் சனிக்கிழமைதோறும் இலவசப் பயிற்சி அளித்து வருகிறது. இப்போது 11 பேர் மட்டுமே வருகிறார்கள். உறுப்பினர்கள் ஆடிக் கழித்த மஞ்சள் பந்துகள் சிமென்ட் தளத்தில் பட்டுப் பிள்ளைகளின் தலைக்கு மேல் எழும்புவதே இதற்குக் காரணம் என்று நம்புகிறேன். ஒரு சிறுமி மட்டையின் கழுத்தை இரு கைகளாலும் பற்றியபடி, பந்து தன்னைக் கடந்து போவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் 2012ஆம் ஆண்டு விதிப்படி, 10 வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்துக்கு இடமில்லை. ஆகவே, ஏறத்தாழ 75 சதவீதம் வேகம் குறைந்த சிவப்புப் பந்துகளை இரண்டு டஜன் வாங்கி, 11 மீட்டர் நீளத்துக்குச் சாக்பீஸால் கோடு போட்டு, கயிற்றில் பழைய புடவையைத் தொங்கவிட்டு 80 சென்டிமீட்டர் உயரத்தில் வலையும் அமைத்தோம். அன்றே பிள்ளைகள் விடாமல் பத்து முறை பந்தை மாற்றி மாற்றி அடித்தார்கள். ஆனால் சொரசொரப்பான தளத்தில் ஆறே வாரங்களில் பந்தின் மேல்துணி நைந்து உரிந்துவிட்டது. ஸ்பாஞ்ச் பந்து காற்றில் திசைமாறுகிறது. மஞ்சள் பந்தில் ஊசியால் துளையிட்டால் எழும்பவே மறுக்கிறது.

சிமென்ட் தளத்தில் குறைந்தது நான்கு மாதங்கள் தாங்கும் சிவப்புப் பந்து எது என்று, பயன்படுத்திப் பார்த்தவர்கள் தெரிவிக்க இயலுமா?