ஓப்பன் வாட்டர் கார்டு (திறந்த நீர்ல ஸ்கூபா டைவ் பண்ற சான்றிதழ்) வச்சு குகைக்குள்ள டைவ் பண்ணலாமா?

கடல்கிறுக்கன்:
ஓப்பன் வாட்டருக்கு அடுத்த அட்வான்ஸ்டு கோர்ஸும் முடிச்சு 40 டைவ் ஆச்சு. அடுத்த மாசம் மெக்சிகோ, துலும் பக்கத்துல தோஸ் ஓஹோஸ் செனோட்டே (சுண்ணாம்புப் பாறையில தண்ணி நிறைஞ்ச இயற்கைக் குழி) போறேன். கேவ் டைவிங் ட்ரை பண்ணலாமா, ரொம்ப ரிஸ்க்கா?

ஆழம்73:
டூர்ல கூட்டிட்டுப் போறது கேவர்ன், அதாவது குகையோட வாசல் பகுதிதான்பா, உள்ள இருக்கிற கேவ் இல்ல. வாசல் வெளிச்சம் எப்பவும் கண்ணுக்குத் தெரியணும், மேல வர்ற இடத்துலேர்ந்து 60 மீட்டருக்குள்ள இருக்கணும். நல்ல கைடு இருந்தா தாராளமா போ. அதைத் தாண்டினா கதையே வேற, தலைக்கு மேல பாறை, பிரச்சனைன்னா நேரா மேல ஏற முடியாது, வந்த வழியேதான் திரும்பணும், அதனாலதான் சிலிண்டர் காத்துல மூணுல ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, மீதி ஒரு பங்கு அவசரத்துக்குன்னு கணக்கு. சிலிண்டர் அழுத்தம் 200 பார்ல ஆரம்பிச்சா 135 கிட்டயே திரும்பிடணும்.

நீர்க்காகம்:
காத்தை விட எனக்கு பயம் சேறுதான். கால்ல மாட்டுற ஃபின்னை மேலயும் கீழயும் அடிச்சா அடியில இருக்கிற வண்டல் கிளம்பி ஒரே நிமிஷத்துல சொந்தக் கையே தெரியாது, அப்போ வாசல் வரைக்கும் போற கயிறு மட்டும்தான் துணை. தவளை மாதிரி காலைப் பக்கவாட்டுல அடிக்கிற ஃபிராக் கிக் பழகிக்கோ. கேவ்க்குள்ள போனா லைட் மூணு வேணும். ஃப்ளோரிடா குகை வாசல்ல எமன் படம் போட்ட போர்டே இருக்கு, செத்தவங்கள்ல ஓப்பன் வாட்டர் இன்ஸ்ட்ரக்டர்களும் உண்டுன்னு எழுதியிருக்கும்.

கடல்கிறுக்கன்:
ஐயோ. கேவர்ன் டூரே போதும். ஃபிராக் கிக் இந்த வாரமே நீச்சல்குளத்துல ஆரம்பிக்கறேன்.

ஆழம்73:
சில செனோட்டேல நல்ல தண்ணியும் உப்புத் தண்ணியும் சேர்ற இடத்துல கண்ணு மங்கும், மாஸ்க் கெட்டுப்போச்சோன்னு பதறாத 😄