மோரிஸ் மைனர் 1000: வலது பின்பக்கம் இறங்கிவிட்டது, கிளட்ச் விட்டால் ‘டொக்’. பட்டையா, ஷாக்கா?

மைனர்_நாலுகதவு (கேள்வி)

வண்டி மோரிஸ் மைனர் 1000 என்ற பழைய பிரிட்டிஷ் கார், நான்கு கதவு சலூன், ஸ்டியரிங் வலப்பக்கம். பின்னால் பட்டை ஸ்பிரிங் (இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய கட்டு), லீவர் ஷாக் அப்சார்பர். எதையும் மாற்றி அமைக்கவில்லை. வலது பின்சக்கரம் ஒரு ஆழமான பள்ளத்தில் அடி வாங்கியதிலிருந்து:

– வலது பின் மட்கார்டு இடதைவிட 32 மி.மீ. தாழ்ந்து நிற்கிறது.
– முதல் கியரில் கிளட்ச் விடும்போது ஒரு ‘டொக்’, ரிவர்ஸ் போட்டால் இன்னொரு ‘டொக்’. ஒரே வேகத்தில் ஓடும்போது சத்தமே இல்லை.
– ஸ்டியரிங்கைக் கொஞ்சம் வலப்பக்கம் பிடித்தால்தான் நேராகப் போகிறது. ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் இழுப்பு மாறுகிறது.
– இடப்பக்கம் திரும்பினால் வலது டயர் உள்ளே உரசுகிறது.

பார்த்த மெக்கானிக் ஒருவர் ஷாக் போய்விட்டது என்றார். இன்னொருவர் ஸ்பிரிங் கட்டில் ஒரு பட்டை கூட்டிப் போட்டால் நிமிர்ந்துவிடும் என்கிறார். எதை நம்புவது சார்?

பட்டைக்கட்டு

இரண்டையும் நம்ப வேண்டாம். லீவர் ஷாக்குக்குள் இருப்பது எண்ணெயும் பிஸ்டனும் வால்வும்தான். அது ஆட்டத்தை அடக்கும், எடையைத் தாங்காது. அது முழுதாகச் செத்தாலும் வண்டி குதிக்குமே தவிர இறங்காது. பட்டை கூட்டுவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அளவு. மட்கார்டு விளிம்பை நம்பாதீர்கள். இத்தனை வயது வண்டியில் அது எத்தனை முறை தட்டி நிமிர்த்தப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. இரண்டு பின் டயரிலும் ஒரே அளவு காற்று அடித்துவிட்டு, ஆக்ஸில் குழாயிலிருந்து நேர் மேலே பம்ப் ஸ்டாப் (ஆக்ஸில் சட்டத்தில் மோதாமல் தடுக்கும் ரப்பர் கட்டை) வரை அளந்து சொல்லுங்கள்.

அடுத்தது, சாய்வு பின்னாலிருந்து வருகிறதா முன்னாலிருந்து வருகிறதா என்பது. மைனரின் முன்பக்கம் டார்ஷன் பார், அதாவது முறுக்கி எடையைத் தாங்கும் இரும்புக் கம்பி, பக்கத்துக்கு ஒன்று. அதில் ஒன்று தளர்ந்தாலும் எதிர் மூலை ஏறும், அந்தப் பக்கம் இறங்கும். முன் குறுக்குச் சட்டத்தின் நடுவில் ஒரே ஜாக்கி கொடுத்து, முன் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பும்வரை மட்டும் தூக்குங்கள். இப்போது முன்பக்கம் ஒரே புள்ளியில் நிற்பதால் அதால் வண்டியைச் சாய்க்க முடியாது. அப்போதும் பின்பக்கம் சாய்ந்திருந்தால் குற்றம் பின்னால்தான். அளக்கும்போது யாரும் வண்டிக்கு அடியில் போக வேண்டாம்.

மூன்றாவது, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள சக்கர இடைவெளி. ஜாக்கியை இறக்கி, வண்டியை நாலடி முன்னும் பின்னும் உருட்டி, ஸ்டியரிங்கை நேராக வைத்து, நான்கு ஹப் நடுவிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் குறியுங்கள். மைனருக்கு 86 அங்குலம், அதாவது 2184 மி.மீ. இரு பக்கத்துக்கும் 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் ஆக்ஸில் இடம் மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

கிராஸ்_பிட்

அந்த ‘டொக்’குக்கு யூனிவர்சல் ஜாயின்டையும் பார்த்துவிடுங்கள். கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் பிராப்பெல்லர் ஷாஃப்டில் ஜாயின்டின் இரு பக்கமும் ஆளுக்கொரு கையாகப் பிடித்து எதிரெதிராகத் திருப்பினால், ஆட்டம் இருந்தால் விரலுக்கே தெரியும். ஆனால் அதற்கும் 32 மி.மீ.க்கும் சம்பந்தம் இருக்காது.

மைனர்_நாலுகதவு

அளந்துவிட்டேன். ஒற்றை ஜாக்கியில் நிறுத்தியும் 28 மி.மீ. சாய்வு அப்படியே இருக்கிறது. பம்ப் ஸ்டாப் இடைவெளியும் வலப்பக்கம் அதே அளவு குறைவு. சக்கர இடைவெளி இடது 2183, வலது 2194. ஜாயின்டில் ஆட்டம் இல்லை.

அடியில் டார்ச் அடித்துப் பார்த்ததில்: ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் பேட் வலப்பக்கம் எண்ணெயில் ஊறி வெளியே பிதுங்கியிருக்கிறது. அதற்கு முன்னால் பட்டையின் மேல், விரல் அகலத்துக்கு ஒரு கோடு. சுற்றிலும் சேறும் துருவும், அங்கே மட்டும் சுத்தமான இரும்பு. ஆக்ஸிலையும் பட்டைக் கட்டையும் சேர்த்து இறுக்கும் யூ போல்ட் நட்டில் ரிங் ஸ்பேனர் போட்டேன், கை பலத்திலேயே அரைச் சுற்று போனது.

பட்டைக்கட்டு

அந்தச் சுத்தமான கோடு பாதிக் கதையைச் சொல்லிவிட்டது. பேட் மூடியிருந்த இடம் அது. ஆக்ஸில் 11 மி.மீ. பின்னால் நகர்ந்ததால் வெளியே தெரிகிறது. பட்டைக் கட்டின் நடுவில் இருக்கும் சென்டர் போல்ட்டின் தலை, ஆக்ஸில் இருக்கையில் உள்ள துளைக்குள் உட்கார்ந்திருக்கும். அந்தப் போல்ட் அறுந்தால் மட்டுமே ஆக்ஸில் இப்படி வழுக்கும். முன்னால் போகும்போது சக்கரம் ஆக்ஸிலை முன்னே தள்ளும், ரிவர்ஸில் பின்னே இழுக்கும். உங்கள் இரண்டு ‘டொக்’கும், இழுப்பு மாறுவதும் இதுதான்.

ஆனால் சென்டர் போல்ட் மட்டும் அறுந்தால் வண்டி 28 மி.மீ. இறங்காது. பட்டையும் உடைந்திருக்கிறது. வெளியே விரிசல் தெரியவில்லை என்றால், பேட்டுக்கு அடியில், போல்ட் துளையின் குறுக்கே உடைந்திருக்கும்.

ஏன் அங்கே? யூ போல்ட் இறுக்கமாக இருக்கும்வரை கட்டின் நடுப்பகுதி வளையாத ஒரே கட்டையாக இருக்கும். இருக்கைக்கு முன்னும் பின்னும்தான் பட்டை வளையும். நட்டு தளர்ந்தால் நடுப்பகுதியும் வளைய ஆரம்பிக்கிறது. பட்டையில் இரும்பு குறைவாக இருக்கும் இடம் அந்தத் துளைதான். விரிசல் அங்கேதான் பிறக்கும். பள்ளம் கடைசி அடியை மட்டும் கொடுத்தது.

யூ போல்ட் ஏன் தளர்ந்தது? பேட் எண்ணெயில் ஊறி இளகிப் பிதுங்கிவிட்டது. நடுவில் இருந்த தடிமன் குறைந்ததும் போல்ட்டின் இழுவை போய்விட்டது. ஆக, அந்த எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் புதுக் கட்டு போட்டால், அதுவும் இதே துளையில் உடையும்.

பட்டை கூட்டுவது பற்றி: உடைந்த கட்டின் மேல் ஒன்றைக் கூட்டினால் உயரம் வரும், உடைசல் உள்ளேயே இருக்கும், ஒரு பக்கம் மட்டும் கல் மாதிரி கெட்டியாகும். உடைந்த பட்டையை வெல்டிங் வைப்பதும் கூடாது. சூட்டில் பதம் போய்விடும், வெல்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி உடையும்.

மைனர்_நாலுகதவு

புரிந்தது சார். கழற்றும் வரிசையைச் சொல்லுங்கள். நானேதான் செய்யப் போகிறேன்.

ரிங்ஸ்பேனர்

இரண்டு நாள் முன்பே எல்லா மரையிலும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். பிறகு:

1. முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் முட்டுக்கட்டை. பின்னால் தூக்கி, முன் ஹேங்கருக்கு (பட்டையின் முன் முனையைச் சட்டத்தில் பிடிக்கும் தாங்கி) முன்னால், அழுகாத கெட்டியான சட்டத்தில் இரண்டு ஸ்டாண்ட். ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே போகாதீர்கள்.
2. ஆக்ஸிலுக்கு அடியில் தனி ஜாக்கி. ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பிரியுங்கள். மறுபக்கக் கட்டு ஆக்ஸிலைப் பிடித்துக்கொள்ளும். ஆக்ஸிலை இறக்கும்போது பிரேக் ஹோஸும் ஹேண்ட்பிரேக் கேபிளும் இழுபடுகிறதா என்று ஒரு கண் இருக்கட்டும்.
3. ஷாக்கின் லிங்க்கை அடித்தகட்டிலிருந்து பிரித்து, யூ போல்ட்டுகளை எடுத்து, தகட்டை இறக்குங்கள்.
4. பின்னால் ஷேக்கிள் (பட்டையின் பின் முனையைப் பிடிக்கும் அசையும் இணைப்பு), அதன்பின் முன் கண் போல்ட் (பட்டையின் முன் முனை வளையத்தில் நுழைவது).

மல்லுக்கட்டு அந்த முன் போல்ட்டில்தான். பட்டைக் கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் புஷ்ஷின் உள்குழாயோடு துருப்பிடித்து ஒன்றாகியிருக்கும். சுத்தியலால் அடிக்காதீர்கள்; போல்ட் அசையாது, பழைய ஹேங்கர்தான் வளையும். புஷ்ஷுக்கும் ஹேங்கர் காதுக்கும் நடுவில் ஆக்சா பிளேடை விட்டு இரு பக்கமும் அறுத்துவிடுங்கள். போல்ட்டும் புஷ்ஷும் எப்படியும் புதுசுதானே.

பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போட வேண்டாம். ஒருமுறை இழுபட்டு நீண்ட மரை மறுபடி ஒழுங்காக இழுவை பிடிக்காது. ஸ்பிரிங் கட்டுகளை ஜோடியாகவே மாற்றுங்கள். வாங்கும்போது சலூனுக்கு என்று சொல்லிக் கேளுங்கள்; டிராவலரின் (மைனரின் எஸ்டேட் வடிவம்) கட்டு இதைவிடக் கெட்டி.

மைனர்_நாலுகதவு

பிரித்தாயிற்று. மெயின் பட்டை முழுசாக இருக்கிறது. இரண்டாவதும் மூன்றாவதும் துளையின் குறுக்கே இரண்டாகப் போயிருக்கின்றன. உடைந்த முகத்தில் முக்கால் பங்கு பழுப்புத் துரு, ஓரத்தில் ஒரு மெல்லிய கீற்று மட்டும் வெள்ளையாக, மணல் மணலாக மின்னுகிறது. சென்டர் போல்ட் இரண்டு துண்டு.

ஒரு கெட்ட செய்தியும் உண்டு. வலது முன் ஹேங்கர் உட்காரும் இடத்தில் ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டினேன். ஓரிடத்தில் ‘டங்’ என்று கேட்கவில்லை, ‘தொப்’ என்றது. முனையால் குத்தினால் உள்ளே போகிறது.

பட்டைக்கட்டு

துருப்பிடித்த முக்கால் பங்கு பல நாள் விரிசல், மின்னும் கீற்று பள்ளத்தில் போனது. கண்ணெதிரே சாட்சி.

ஹேங்கரைச் சரிசெய்யாமல் புதுக் கட்டு போடாதீர்கள். சக்கரம் வண்டியைத் தள்ளுவதே அந்த முன் போல்ட் வழியாகத்தான். அழுகலை வெட்டும் முன் துளையின் இடத்தைக் குறித்துவையுங்கள்: நல்ல இடப்பக்கத்துக்கு அட்டையில் ஒரு அச்சு வெட்டுங்கள், அசையாத ஒரு புள்ளியிலிருந்து இரண்டு துளைக்கும் குறுக்களவு எடுங்கள். வெட்டிய பிறகு அளக்க எதுவும் மிஞ்சாது. துரு இல்லாத இரும்பு வரும்வரை வெட்டி, மூல இரும்பின் தடிமனுக்குக் குறையாத தகடு வைத்து, விளிம்பு முழுக்கத் தொடர் வெல்டிங். நாலு புள்ளி வைத்து மேலே பட்டி பூசுவது வேலையல்ல.

பெட்ரோல் டேங்க் டிக்கித் தரைக்கு அடியில் இருக்கிறது. காலி டேங்க்தானே என்று விடாதீர்கள். ஆவி நிறைந்த காலி டேங்க்தான் அதிக ஆபத்து. கழற்றித் தூரமாக வையுங்கள். பேட்டரி வயரையும் எடுத்துவிடுங்கள். பிரேக் குழாய் பக்கத்தில் போகிறதா என்றும் பாருங்கள்.

கிராஸ்_பிட்

எண்ணெய் விஷயம்: வலது டிரம்மைக் கழற்றுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் ஹப் ஆயில் சீல் போயிருக்கிறது. சீல் மாற்றும் முன் ஆக்ஸில் ஹவுசிங்கின் பிரீதர் துளையைக் குத்திச் சுத்தம் செய்யுங்கள். அது அடைபட்டால், சூடான காற்று வெளியேற வழியின்றி எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளும். புதுச் சீலும் ஒழுகும். அளவுக்கு மேல் ஊற்றினாலும் இதே கதைதான். சமதளத்தில், ஊற்றும் துளையின் அடிவிளிம்பு வரை 90 ஹைபாய்டு கியர் எண்ணெய், அவ்வளவே. லைனிங்கில் எண்ணெய் பட்டிருந்தால் இரு பக்க ஷூவையும் மாற்றுங்கள், கழுவிப் போட வேண்டாம்.

ரிங்ஸ்பேனர்

பூட்டும்போது நிறையப் பேர் தப்பு செய்யும் இடம் ஒன்று. முன் கண் போல்ட்டையும் ஷேக்கிள் நட்டுகளையும் வண்டி ஸ்டாண்டில் தொங்கும்போது இறுக்கவே கூடாது. விரலால் ஏற்றி விடுங்கள். சக்கரம் மாட்டி, தரையில் இறக்கி, டிக்கியை நாலு முறை அமுக்கிவிட்டு, எடை நிற்கும் நிலையில் இறுக்குங்கள். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் புஷ் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருக்கும். வண்டி கொஞ்ச நாள் உயரமாக நிற்கும், பிறகு ரப்பர் கிழியும். புஷ்ஷில் கிரீஸ் வேண்டாம், சோப்புத் தண்ணீர் போதும்.

சென்டர் போல்ட் தலை துளைக்குள் உட்கார்ந்ததை விரலால் தடவி உறுதி செய்த பிறகே யூ போல்ட். நான்கு நட்டையும் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக, பட்டறைக் கையேட்டில் உள்ள டார்க் (இறுக்கும் முறுக்கு விசை) வரை. பேட் பிதுங்குவதைப் பார்த்து இறுக்கத்தை அளக்காதீர்கள். மரையில் எண்ணெய் தடவினால் அதே டார்க்குக்கு இழுவை கூடிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

லிங்க் பிரிந்திருக்கும்போதே ஷாக்கின் கையை மேலும் கீழும் முழு வீச்சுக்கு ஆட்டிப் பாருங்கள். இரு பக்கமும் ஒரே சீரான கனம் வேண்டும். நடுவில் ‘லொடக்’ என்று காலியாகப் போனால் எண்ணெய் குறைவு: மூடியைச் சுற்றி மண் துடைத்துவிட்டுத் திறந்து, ஷாக் எண்ணெய் ஊற்றி, மெதுவாகப் பத்து முறை ஆட்டிக் காற்றை வெளியேற்றுங்கள். பிரேக் ஆயில் ஊற்றினால் சீல் ஊதிப் போகும். ஊற்றியும் கனம் வரவில்லை, அல்லது கையின் தண்டு ஓரம் ஒழுகுகிறது என்றால் ஷாக்கை மாற்ற வேண்டியதுதான்.

மைனர்_நாலுகதவு

ஹேங்கர் வெல்டிங், இரண்டு கட்டு, யூ போல்ட், பேட், புஷ், வலது சீல், ஷூ எல்லாம் முடிந்தது. பிரீதர் கெட்டியாக அடைபட்டிருந்தது. சக்கர இடைவெளி இப்போது இடது 2184, வலது 2185. ‘டொக்’ இல்லை, இழுப்பு இல்லை. 100 கி.மீ. ஓடியதும் யூ போல்ட் நட்டைப் பார்த்தேன், கால் சுற்று வாங்கியது. ஆனால் வலப்பக்கம் இன்னும் 6 மி.மீ. தாழ்வு. ஏதாவது வாஷர் வைக்கலாமா?

பட்டைக்கட்டு

6 மி.மீ.க்கு எதையும் வைக்க வேண்டாம். புதுக் கட்டு இன்னும் படியவில்லை. 500 கி.மீ.யில் நட்டை மறுபடி டார்க் பாருங்கள், பேட் ஓரத்தில் எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதற்குப் பிறகும் சாய்வு தெரிந்தால் அதே ஒற்றை ஜாக்கியை இந்த முறை பின்னால் நடுவில் கொடுத்து, முன்பக்கத்தை அளந்து எழுதுங்கள். டார்ஷன் பாரைப் பார்ப்போம்.