பிளாட்டியாவை அழித்தது தீப்ஸா, ஏதென்ஸா?

செங்கல்:
கிரேக்க வரலாறு என்றால் எல்லோரும் ஏதென்ஸ், ஸ்பார்ட்டா என்றுதான் ஆரம்பிக்கிறார்கள், பிளாட்டியாவைப் பற்றிப் பேச ஆளில்லை. தீப்ஸ் நகருக்குத் தெற்கே, கித்தைரோன் மலையடியில் இருந்த சின்ன ஊர். கி.மு. 490இல் மராத்தானில் பாரசீகர்களை எதிர்த்து ஏதென்ஸுக்குத் தோள்கொடுத்து நின்ற ஒரே ஊர் இதுதான். ஸ்பார்ட்டாக்காரர்கள் சண்டை முடிந்தபின் வந்து பிணங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் மோதிய பெலோபொனேசியப் போரில், 429இல் அந்த ஊரை ஸ்பார்ட்டா முற்றுகையிட்டபோது ஏதென்ஸ் அம்போ என்று விட்டுவிட்டது. இத்தனைக்கும் ஸ்பார்ட்டா அரசன் ஆர்கிடாமஸ் முதலில் சமாதானம்தான் பேசினான். நடுநிலையாக இருங்கள், முடியாதென்றால் ஊரையும் நிலத்தையும் எங்களிடம் ஒப்படைத்துவிட்டு எங்காவது போயிருங்கள், போர் முடிந்ததும் அப்படியே திருப்பித் தருகிறோம் என்றான். ஏதென்ஸைக் கேட்டுச் சொல்கிறோம் என்று பிளாட்டியாக்காரர்கள் ஆள் அனுப்பினார்கள். இதுவரை உங்களைக் கைவிட்டதில்லை, இனியும் விடமாட்டோம், பணிந்துவிடாதீர்கள் என்று பதில் வந்தது. பதில் வந்தது, படை வரவேயில்லை. என் கணக்கில் குற்றவாளி ஏதென்ஸ்தான்.

மலைக்காற்று:
கதையைப் பாதியில் ஆரம்பித்தால் யாரை வேண்டுமானாலும் குற்றவாளி ஆக்கலாம், செங்கல். 431இல் நடந்ததை ஏன் விட்டுவிட்டீர்கள்? பெரும்போர் இன்னும் தொடங்காத நேரம், மழை இரவு, ஸ்பார்ட்டாவின் கூட்டாளியான தீப்ஸின் வீரர்கள் 300 பேருக்குச் சற்று மேல், உள்ளூர் ஆட்கள் சிலர் கதவைத் திறந்துவிட ஊருக்குள் புகுந்துவிட்டார்கள். முதலில் பயந்து சம்மதித்த ஊர்க்காரர்கள், வந்தது கொஞ்சம் பேர்தான் என்று தெரிந்ததும், தெருவில் தலைகாட்டாமல் வீட்டுக்கு வீடு நடுச்சுவரை இடித்துக்கொண்டே போய் ஒன்றுகூடி, விடிவதற்குள் பாய்ந்தார்கள். பெண்களும் அடிமைகளும் கூரையில் ஏறி ஓட்டையும் கல்லையும் வீசினார்கள். வந்தவர்கள் நுழைந்த வாயிலையும், தாழ்ப்பாளில் ஈட்டி முனையைச் செருகி ஒருவன் அடைத்துவிட்டான். பின்னால் வரவேண்டிய தீப்ஸ் படை ஆசோபஸ் ஆற்றில் வெள்ளம் வந்ததால் தாமதித்துவிட்டது.

வம்பை ஆரம்பித்தது தீப்ஸ், முடித்துவைத்தது ஸ்பார்ட்டா. ஏதென்ஸை எதற்கு இழுக்கிறீர்கள்?

ஓரக்கண்:
மலைக்காற்று சார், அந்த இரவுக்கு அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுங்களேன். பிடிபட்ட தீப்ஸ் ஆட்கள் 180 பேர். தாமதமாக வந்து வெளியே நின்ற தீப்ஸ் படையிடம், பின்வாங்காவிட்டால் கைதிகளைக் கொல்வோம் என்றார்கள் பிளாட்டியாக்காரர்கள். படை பின்வாங்கியது. உயிரோடு விடுவதாகச் சத்தியம் செய்தார்கள் என்பது தீப்ஸ் தரப்பு, செய்யவே இல்லை என்பது பிளாட்டியா தரப்பு. இந்தப் போரின் வரலாற்றை எழுதிய துசிடிடீஸ் இரண்டையும் எழுதி வைத்திருக்கிறார். சத்தியம் இருந்ததோ இல்லையோ, வயலில் இருந்த ஆட்களை அவசரமாக ஊருக்குள் சேர்த்த கையோடு 180 பேரையும் கொன்றுவிட்டார்கள். எங்களைக் கேட்காமல் அவர்கள்மேல் கைவைக்காதீர்கள் என்று சொல்ல ஏதென்ஸ் தூதன் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கையில் இருந்த ஒரே பணயத்தை அவர்களே வெட்டிப்போட்டுக்கொண்டார்கள். பிறகு எந்த நடுநிலையை நம்பி வாயிலைத் திறப்பார்கள்?

செங்கல்:
சரி, கொன்றது தப்புதான், யார் இல்லை என்றது? ஆனால் 429இல் 'பணியாதே' என்று சொன்னவர்களுக்குப் பொறுப்பு இல்லையா?

மலைக்காற்று:
கடலில் எத்தனை கப்பல் இருந்து என்ன, பிளாட்டியா இருப்பது உள்நாட்டில். தரையில் ஸ்பார்ட்டாவோடு நேருக்கு நேர் மோதக்கூடாது என்பதுதான் ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளிஸின் திட்டமே. போதாததற்கு 430இலிருந்து ஏதென்ஸில் கொள்ளைநோய். பிளாட்டியாவின் பெண்களையும் குழந்தைகளையும் முன்பே கூட்டிக்கொண்டுபோய் வைத்திருந்ததும் ஏதென்ஸ்தான். ஊருக்குள் காவலுக்கு நின்றது 400 பிளாட்டியாக்காரர்கள், 80 ஏதென்ஸ் வீரர்கள், ரொட்டி சுட 110 பெண்கள். அந்த 80 பேரும் ஏதென்ஸ் பெற்ற பிள்ளைகள்தானே?

செங்கல்:
வரமுடியாது என்று தெரிந்தால் அதைச் சொல்லியிருக்க வேண்டும் என்கிறேன். உதவி வராது என்று புரிந்தபிறகு உள்ளே இருந்தவர்களே வழி தேடினார்கள். எதிரிகள் ஊரைச் சுற்றிக் கட்டிய முற்றுகைச் சுவரின் பூசாத பகுதியில் செங்கல் வரிசைகளைப் பலர் பலமுறை எண்ணி, ஒரு கல்லின் கனத்தை வைத்து உயரத்தைக் கணக்குப்போட்டு ஏணி செய்தார்கள். புயலும் மழையுமான ஒரு குளிர்கால இரவு, நிலா இல்லை, சேற்றில் வழுக்காமலிருக்க இடது காலில் மட்டும் செருப்பு. சுவரைத் தாண்டியதும் ஏதென்ஸ் பக்கம் ஓடாமல் முதலில் தீப்ஸ் சாலையில் ஓடினார்கள், எதிரி ஊரை நோக்கி எவன் ஓடுவான் என்று துரத்தியவர்கள் தீப்பந்தத்தோடு எதிர்ப்பக்கம் தேடட்டும் என்று. 212 பேர் தப்பித்தார்கள். ஏதென்ஸ் ஒரு துரும்பைக்கூட அசைக்கவில்லை.

ஓரக்கண்:
தப்பியவர்கள் போய்ச் சேர்ந்த இடம் ஏதென்ஸ், குடியுரிமையும் கொடுத்தார்கள், அதையும் கணக்கில் சேருங்கள். மிச்சம் இருந்தவர்கள் 427இல் பசியால் சரணடைந்தார்கள். ஸ்பார்ட்டாவிலிருந்து வந்த 5 நீதிபதிகள் ஒவ்வொருவரிடமும் கேட்டது ஒரே கேள்வி: இந்தப் போரில் எங்களுக்கும் எங்கள் கூட்டாளிகளுக்கும் ஏதாவது நன்மை செய்தீர்களா? இல்லை என்றவன் தலை போயிற்று. பிளாட்டியாக்காரர்கள் 200க்குக் குறையாமல், ஏதென்ஸ் வீரர்கள் 25 பேர். பெண்கள் அடிமைகளானார்கள். இத்தனைக்கும் தீப்ஸ் தொல்லை தாங்காமல் முதலில் இவர்கள் உதவி கேட்டுப்போனது ஸ்பார்ட்டாவிடம். நாங்கள் தூரத்தில் இருக்கிறோம், பக்கத்தில் ஏதென்ஸ் இருக்கிறதே என்று கைகாட்டிவிட்டவர்களும் அவர்களேதான். அப்படியிருக்க ஏதென்ஸோடு சேர்ந்ததற்குத் தண்டனையாம்!

மலைக்காற்று:
அதைத்தான் நானும் சொல்கிறேன். கேள்வியே தீப்ஸைத் திருப்திப்படுத்தத்தான். ஊரைத் தரைமட்டமாக்கிய பிறகு நிலம் குத்தகைக்குப் போனது யாருக்கு? தீப்ஸ்காரர்களுக்கு, 10 வருடத்துக்கு. பிற்பாடு மீண்டு வந்த ஊரை 373இல் மறுபடி இடித்ததும் தீப்ஸ்தான். அதற்கும் ஏதென்ஸ் காரணமா, செங்கல்?

செங்கல்:
373 வேறு கதை, 427ஐப் பேசுங்கள். ஆனால் தீப்ஸை அப்பாவி என்று நான் எங்கும் எழுதவில்லை.

ஓரக்கண்:
தீப்ஸுக்கும் கணக்கு முடிந்தது. 335இல் அலெக்சாந்தர் அதைப் பிடித்து, என்ன செய்யலாம் என்று கூட்டாளிகளிடம் விட்டபோது, இடித்துவிடு என்றவர்களில் பிளாட்டியாக்காரர்களும் இருந்தார்கள். இதற்கு யார் பொறுப்பு என்று தனி இழை தொடங்குங்கள், அங்கே வந்து சண்டை போடுகிறேன்.