நைனா அமைதிப்படைக்காரர், கூட வேலை செய்யும் பெண் முகாமில் பிறந்தவள். இந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவது?

பாலாறு_84:

வேலூர்ப் பக்கத்து ஆட்கள், முக்கியமா பட்டாளத்துக் குடும்பத்தில் இருந்து வந்தவர்கள் பதில் சொன்னால் நல்லது.

எங்கள் ஊர் கம்மவான்பேட்டை. வேலூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். எங்க நைனா 1987 கடைசியில் இந்திய அமைதிப்படையோடு இலங்கைக்குப் போய் 89ல் திரும்பினார். எனக்கு அப்போது விவரம் தெரியாத வயசு. வீட்டில் "நைனா சிலோனுக்குப் போனப்ப" என்று சொல்லித்தான் காலக்கணக்கே, அக்காவுக்கு அம்மை போட்டது, கிணறு வற்றினது, தாத்தா செத்தது எல்லாம் அந்தக் கணக்குக்குள் வந்துவிடும். ஆனால் சிலோனில் என்ன நடந்தது என்று ஒருத்தரும் வாய் திறந்ததில்லை, நாங்களும் கேட்டதில்லை.

என்னோடு வேலை செய்யும் பெண் மேல்மொணவூர் இலங்கை அகதிகள் முகாமில் பிறந்து வளர்ந்தவள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள், ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிற பழக்கம். போன தீபாவளிக்கு அதிரசம் எடுத்துப் போய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள், ஆனால் தங்கள் வீட்டில் தீபாவளி கொண்டாடுவதில்லை என்றாள். ஏன் என்றதற்கு, "87 தீபாவளி, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி, தேடிப் பாருங்கக்கா" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். என் அப்பா யார் என்று அவளுக்குத் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

தேடினேன். 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். நம் படை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் புகுந்து சுட்டதில் நோயாளிகள், டாக்டர்கள், நர்சுகள் என்று அறுபது பேருக்கு மேல் செத்திருக்கிறார்கள். மறுநாள் காலை குழந்தைகள் டாக்டர் சிவபாதசுந்தரம் கையைத் தூக்கிக்கொண்டு, நாங்கள் டாக்டர்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தவரையும் சுட்டிருக்கிறார்கள். உள்ளே இருந்து புலிகள் சுட்டார்கள், இடையில் மாட்டிக்கொண்டவர்கள்தான் செத்தார்கள் என்பது நம் பக்கத்து வாதம். அப்புறம் 89 ஆகஸ்டில் வல்வெட்டித்துறை. ராணுவத்தின் மேல் ஒரு தாக்குதல் நடந்ததும் ஊருக்குள் புகுந்து ஐம்பது பேருக்கு மேல் கொன்றிருக்கிறார்கள். ஜார்ஜ் பெர்னாண்டஸ் அதை இந்தியாவின் மைலாய் என்றே சொன்னாராம். வியட்நாமில் அமெரிக்கப் படை அழித்த ஊர் மைலாய்.

அமெரிக்கா என்றதும்தான் எனக்கு எரிகிறது. 2003ல் ஈராக் போர் நடந்தபோது காலேஜில் நாங்கள் மனிதச் சங்கிலி நின்றோம். அமெரிக்காக்காரன் கட்டுகிற வரியில்தானே குண்டு வாங்குகிறார்கள், அவனுக்கும் பொறுப்பு உண்டு என்று மைக்கில் பேசினவள் நான். அதே கணக்கை நமக்குப் போட்டால்? இந்தப் படையை அனுப்பியது என் நாடு. தமிழர்களைக் காப்பாற்றப் போகிறோம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். நான் படித்த பாடப் புத்தகத்தில் இது ஒரு வரி கூட இல்லை. பங்களாதேஷ் இருந்தது, கார்கில் இருந்தது.

நைனாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. அவரிடம் கேட்கலாமா கூடாதா? கேட்டு, அவர் ஏதாவது சொல்லிவிட்டால் அப்புறம் அவருக்கு எப்படிச் சோறு போடுவேன்? அந்தப் பெண்ணிடம் என்ன பேசுவது என்றும் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டால் அபத்தமாக இருக்கிறது, கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தால் அதைவிட அபத்தம்.

காட்பாடி_எக்ஸ்பிரஸ்:

முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆன கதை. நம்ம பிரதமரையே இங்க ஸ்ரீபெரும்புதூர்ல கொன்னாங்க, 91 மே 21. அதோட கணக்கு தீர்ந்துச்சு. வேலையைப் பாருங்க மேடம்.

சுபேதார்_ஆரணி:

காட்பாடி தம்பி, கணக்குத் தீர்ந்தது என்று சொல்ல நீ யார்? கிட்டத்தட்ட 1,200 பேர் நம் பக்கம் செத்தான். அதில் வடாற்காட்டுப் பிள்ளைகளும் உண்டு. அவன் வீட்டில் போய்ச் சொல் பார்ப்போம்.

பாப்பா, நானும் அங்கே இருந்தவன்தான். எந்த யூனிட், எந்த இடம் என்பதெல்லாம் வேண்டாம். உன் நைனா ஏன் பேசவில்லை என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்களுக்குச் சொன்னது என்ன? 87 ஜூலை 29ல் ராஜீவும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று, புலிப் பசங்கள் ஆயுதத்தை ஒப்படைப்பார்கள், நீ வாங்கி வைத்துக்கொண்டு காவல் நில். போன புதிதில் ஜனங்கள் மாலை போட்டார்கள், பொய்யில்லை. செப்டம்பரில் புலிகளின் திலீபன் உண்ணாவிரதத்தில் செத்தான். அக்டோபரில் பிடிபட்ட புலித் தளபதிகள் குமரப்பா, புலேந்திரன் உட்பட 12 பேர் பலாலியில் சயனைடு கடித்துச் செத்தார்கள். அதன்பிறகு எல்லாம் தலைகீழ். அக்டோபர் 11 ராத்திரி யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறக்கிய சீக்கியப் பிள்ளைகள் 30 பேரில் 29 பேர் மறுநாளுக்குள் போய்விட்டார்கள். எங்கள் கையில் எஸ்.எல்.ஆர். துப்பாக்கி, அவன் கையில் ஏ.கே.47. ரோட்டுக்கு அடியில் பீப்பாய் பீப்பாயாக வெடிமருந்து. அவனுக்கு அதையெல்லாம் பழக்கிவிட்டது யார்? நாம்தான். சேலம் மாவட்டம் கொளத்தூரில் பயிற்சி முகாம் நடந்தது ஊருக்கே தெரியும். நாமே சொல்லிக்கொடுத்து, நாமே போய் அடி வாங்கி, கடைசியில் 89ல் இலங்கை ஜனாதிபதி பிரேமதாசாவே எங்களை விரட்டப் புலிகளுக்கு ஆயுதம் கொடுத்தான். இதில் சிப்பாய்க்கு எது போர், எது அமைதி என்று யார் சொல்வது?

இதைச் சொல்வது ஆஸ்பத்திரியை நியாயப்படுத்த இல்லை. அது தப்பு, கை தூக்கினவனைச் சுடுவது எந்தப் படையிலும் தப்பு. ஆனால் லட்சத்துக்குப் பக்கத்தில் ஆள் போய் வந்த படையில் எல்லோரும் அங்கே நின்றார்கள் என்று நினைக்காதே. உன் நைனா சமையல் கொட்டகையில் இருந்தாரோ, லாரி ஓட்டினாரோ, உனக்கே தெரியாதே.

இன்னொன்று. 90 மார்ச்சில் கடைசிப் படை மெட்ராசுக்குத் திரும்பியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழனைக் கொன்ற படை என்று அவருக்கு அரசியல். எங்களுக்கு? சொந்த மாநிலத்தில் கப்பல் இறங்குகிறோம், ஒருத்தனும் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே போனால் இந்தியாக்காரன், இங்கே வந்தால் தமிழனைக் கொன்றவன். டெல்லியில் 2019ல்தான் தேசிய நினைவிடம் வந்து செத்தவன் பெயரைக் கல்லில் வெட்டினார்கள். அதற்கு முன்னாடியே கொழும்புக்குப் பக்கத்தில் இலங்கை அரசு நமக்கு நினைவுத்தூண் கட்டிவிட்டது, பார்த்துக்கொள்.

கோட்டை_அகழி:

பாலாறு_84, நீங்கள் போட்ட வரிக்கணக்கு சரியான கேள்வி. அதை நைனாவிடம் கொண்டுபோய் வைப்பதுதான் சரியில்லை என்று எனக்குப் படுகிறது. சிப்பாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டால் அனுப்பினவன் பார்வையாளர் வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வான்.

அனுப்பினது யார், கேட்டது யார் என்று பாருங்கள். 87 ஆகஸ்ட் 2 அன்று மெரினாவில் ராஜீவும் எம்.ஜி.ஆரும் ஒரே மேடையில் ஒப்பந்தத்தைக் கொண்டாடினார்கள். கூடியிருந்தது நாம்தான். டிசம்பர் 24ல் எம்.ஜி.ஆர். போய்விட்டார். 88 ஜனவரி கடைசியில் இருந்து 89 ஜனவரி கடைசி வரை இங்கே ஜனாதிபதி ஆட்சி. அதாவது பக்கத்துக் கடலில் நம் பெயரைச் சொல்லி ஒரு யுத்தம் நடக்கும்போது, அதைப் பற்றி டெல்லியில் கேட்கச் சட்டசபை என்று ஒன்றே நமக்கு இல்லை. இதை ஒரு சாக்காகச் சொல்லவில்லை. பத்திரிகை படித்தவர்களுக்குத் தெரிந்தேதான் இருந்தது, அந்த அளவுக்குக் கேட்டவர்கள் கொஞ்சம் பேர்.

எந்தப் பக்கமும் சுத்தம் இல்லை என்று சொல்லி நழுவுவதும் எனக்குப் பிடிக்காது. ஆனால் ஒரு பேரைச் சொல்ல வேண்டும்: ராஜினி திராணகம, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் பேராசிரியர். நம் படை செய்ததையும் எழுதினார், புலிகள் செய்ததையும் எழுதினார். 89 செப்டம்பர் 21ல் சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது சுட்டுக் கொன்றார்கள். பழி புலிகள் மேல்தான் விழுந்தது. உண்மையைத் தேடுகிறீர்கள் என்றால் அவர் மாதிரி ஆட்கள் எழுதி வைத்ததைப் படியுங்கள், முகநூல் வீரர்கள் எழுதுவதை விடுங்கள்.

நம்ம ஊர்க் கோட்டைக்கும் இலங்கைக்கும் இருக்கும் தொடர்பைத் தனி இழையில்தான் எழுத வேண்டும். கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை 1815ல் வெள்ளைக்காரன் பிடித்து இங்கே கொண்டுவந்து அடைத்தான், 1832ல் இங்கேயே செத்தார், பாலாற்றங்கரை முத்துமண்டபம் அவருக்குத்தான். அதே கோட்டையில் திப்பு மகாலைச் சிறப்பு முகாம் என்று பெயர் மாற்றிப் புலிகளை அடைத்து வைத்தோம், 95ல் 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பித்தார்கள். அதைத்தான் இன்றைக்கும் சிரித்துக்கொண்டே கதையாகச் சொல்கிறோம். அவர்கள் ஏன் அங்கே இருந்தார்கள் என்ற பாதி மட்டும் கதையில் வராது.

பாலாறு_84:

சுபேதார் ஐயா, கோட்டை அண்ணே, ரெண்டு பேருக்கும் நன்றி. ஐயா, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் "எல்லோரும் அங்கே நிற்கவில்லை" என்பதைக் கேட்டதும் எனக்கு வந்த நிம்மதியே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. நைனா லாரிதான் ஓட்டினார் என்று தெரிந்துவிட்டால் நான் தப்பித்தேன் என்றா அர்த்தம்? அந்த லாரியில் என்ன ஏற்றினார்கள்?

வரிசைவீடு:

நான் மேல்மொணவூர் இல்லை, வேறு ஒரு முகாம், இந்த மாவட்டப் பக்கம்தான். எங்கள் குடும்பத்தில் நடந்ததை இங்கே எழுத மாட்டேன், அது உங்களுக்கு வேடிக்கை பார்க்க இல்லை.

அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களை மாதிரி வந்து அழுகிறவர்களை எனக்குத் தெரியும். காலேஜில் ஒருத்தர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், கடைசியில் நான்தான் அவருக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்துத் தேற்றினேன். அந்தப் பிள்ளையை அந்த நிலைமையில் நிறுத்தாதீர்கள். உங்கள் அப்பா யார் என்று தெரிந்துதானே இத்தனை நாள் உங்கள் டப்பாவில் கை வைத்தாள்? அவள் ஒரு முடிவு எடுத்திருக்கிறாள் இல்லையா. தேடிப் பாருங்கள் என்றாள், பார்த்தீர்கள். பார்த்துவிட்டேன் என்று மட்டும் சொல்லுங்கள், மற்றதை அவள் பேசுவாள், பேசாவிட்டால் விடுங்கள்.

அம்மம்மா சாகும்வரை இந்திய ஆமி என்றுதான் சொல்லுவா, இந்தியா என்று சொல்ல மாட்டா. ரேஷன் தருவதும் இந்தியாதான் என்று அவவுக்குத் தெரியும்.

எனக்கு 87 என்றால் வேறு ஒரு தேதிதான் ஞாபகம் வரும். ஒப்பந்தத்துக்கு நாலு வாரம் முந்தி, ஜூலை 1. அந்தத் தேதிக்கு முன் இந்தியாவில் பிறந்தால் நீ இந்தியக் குடிமகன். அதற்குப் பின் பிறந்தால் அப்பாவோ அம்மாவோ இந்தியராக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டு பேரும் அகதி. நான் இங்கே பிறந்து, இங்கே படித்து, உங்களை மாதிரிதான் வேலூர் வெயிலைத் திட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறேன், பாஸ்போர்ட் கிடையாது, ஓட்டு கிடையாது. 1986ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு 2022ல் ஹைகோர்ட் பாஸ்போர்ட் கொடுக்கச் சொன்னது, தேதி அவளுக்கு ஒத்துவந்ததால். 2019ல் கொண்டுவந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் உண்டு, இலங்கை இல்லை. படை அனுப்பத் தெரிந்த நாட்டுக்கு அந்தப் பட்டியலில் எங்கள் பெயரைச் சேர்க்கத் தெரியவில்லை. 2021ல் முகாம் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள், மேல்மொணவூரில் புது வீட்டுக்கு அடிக்கல் நாட்டினார்கள். வீடு வீடுதான், நன்றி. ஆனால் வரிசையில் நின்று பதிவு போடுகிற வாழ்க்கை மாறவில்லை.

உங்களுக்கு ஓட்டு இருக்கிறது. கோபத்தை எங்கே காட்டுவது என்று கேட்டீர்களே, உங்கள் எம்.பி. யார்?

காட்பாடி_எக்ஸ்பிரஸ்:

அந்த ஜூலை 1 மேட்டர் எனக்குத் தெரியாது. சரி.

சுபேதார்_ஆரணி:

வரிசைவீடு, நீ எழுதியதை ரெண்டு தரம் படித்தேன். உன்னிடம் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

பாலாறு பாப்பா, நைனாவிடம் கேள், ஆனால் "சுட்டீங்களா" என்று ஆரம்பிக்காதே. கூட இருந்தவர்களில் யார் யார் திரும்பவில்லை என்று கேள். பேர் சொல்ல ஆரம்பித்தால் மீதியும் வரும், வராவிட்டால் அவர் தூங்கட்டும். உன் சினேகிதி முகாம் விஷயத்தை வீட்டில் சொன்னாயா? சொல்லு. எங்கள் வயசுக்காரன்களில் பாதிப் பேருக்கு, பக்கத்து முகாமில் இருக்கிறவர்களுக்கு இன்னும் குடியுரிமை இல்லை என்பதே தெரியாது. முன்னாள் படைவீரர் சங்கக் கூட்டத்தில் கேன்டீன் கோட்டா, பென்ஷன் பாக்கிதான் பேசுகிறோம். எம்.பி.க்கு எழுதுவதென்றால் அமைதிப்படையில் இருந்தவன் கையெழுத்துப் போட்டு எழுதினால் கொஞ்சமாவது எடுபடும். நான் போடுகிறேன். இன்னும் ரெண்டு மூணு பேரைக் கேட்கிறேன், முடியாது என்று திட்டுகிறவனும் இருப்பான். வரிசைவீடு, எந்த மாதிரி எழுத வேண்டும், எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று நீயே எழுதிக் கொடு. எனக்குப் பிழையில்லாமல் எழுத வராது.

வரிசைவீடு:

இன்றைக்கு ராத்திரி டைப் பண்ணி அனுப்புகிறேன் ஐயா. "இந்திய வம்சாவளி" என்று போடாதீர்கள், அது தேயிலைத் தோட்டத்து மலையகத்தவருக்கான வேறு வழக்கு, ரெண்டையும் குழப்பினால் ஆபீசில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.