வினாடி வினாவில் போன ஒரு மார்க்: பெர்லினா, மணிலாவா?

மண்கோர்ட்: ஞாயிற்றுக்கிழமை எங்கள் கிளப் வினாடி வினாவில் ஒரு கேள்வி. நாடுகளுக்கு இடையிலான கூடைப்பந்துப் போட்டி முதலில் எங்கே நடந்தது? 1936 பெர்லின் ஒலிம்பிக் என்று எழுதினேன். விடை 1913 மணிலா என்று சொல்லி மார்க்கைப் பிடுங்கிக்கொண்டார்கள். மணிலாவில் தூரகிழக்கு ஆசிய நாடுகளின் போட்டி நடந்தது, பிலிப்பைன்ஸ் ஜெயித்தது, சரி. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒன்றுசேர்ந்து ஆடினால் அது சர்வதேசப் போட்டியா? பெர்லினில் 21 அணிகள் ஆடின. ஆட்டத்தைக் கண்டுபிடித்த நெய்ஸ்மித்தே நேரில் வந்து பார்த்தார்.

பழையபேப்பர்: மார்க் போனது நியாயம்தான் தம்பி. ஒரு தடவை ஆடிவிட்டு மறந்துபோன போட்டியா அது? 1913 முதல் 1934 வரை பத்து முறை நடந்தது. ஒன்பது தடவை பிலிப்பைன்ஸ், 1921-ல் ஷாங்காயில் மட்டும் சீனா. அந்தப் பழக்கத்தோடு போன பிலிப்பைன்ஸ்காரர்கள் உன் பெர்லினில் என்ன செய்தார்கள் என்று பார். மெக்சிகோவை 32-30 என்று சாய்த்தார்கள். எஸ்டோனியா, இத்தாலி, உருகுவே எல்லோரையும் ஜெயித்தார்கள். தோற்றது அமெரிக்காவிடம் மட்டும், 56-23. கிடைத்தது ஐந்தாம் இடம். அவர்களிடம் தோற்ற மெக்சிகோ வெண்கலத்தோடு ஊர் திரும்பியது! எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

ரீபவுண்ட்ராணி: 1919 பாரிஸை இரண்டு பேருமே விட்டுவிட்டீர்கள். முதல் உலகப்போர் முடிந்த கையோடு பெர்ஷிங் மைதானத்தில் நேச நாட்டுப் படைவீரர்களுக்கு நடந்த விளையாட்டுகளில் கூடைப்பந்தும் உண்டு. அமெரிக்கா, பிரான்ஸ், இத்தாலி ஆடின. (1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கை யாரும் இழுக்க வேண்டாம். அதில் ஆடிய அணிகள் எல்லாமே அமெரிக்க அணிகள்தான்.)

மண்கோர்ட்: பாரிஸில் அமெரிக்கா பிரான்ஸை ஜெயித்த ஸ்கோர் என்ன என்று சொல்லுங்கள் அக்கா.

ரீபவுண்ட்ராணி: 93-8.

மண்கோர்ட்: எங்கள் தெருப் பசங்களே எட்டுக்கு மேல் போடுவார்கள்.

பழையபேப்பர்: ராணி, பாரிஸுக்கும் தாய்வீடு மணிலாதான். அந்த விளையாட்டுகளை நடத்தலாம் என்று யோசனை சொன்னவர் எல்வுட் பிரௌன். 1910-ல் மணிலாவுக்கு ஒய்.எம்.சி.ஏ. (கிறிஸ்தவ இளைஞர் சங்கம்) உடற்பயிற்சி இயக்குநராக வந்து, 1913 போட்டியை முன்நின்று நடத்தியவரும் அவரேதான்.

மண்கோர்ட்: அண்ணே, நீங்களே என் பக்கம் கோல் போடுகிறீர்கள். இங்கேயும் அங்கேயும் ஒரே ஆள், ஒரே ஒய்.எம்.சி.ஏ. என்றால் அது ஒரு அமைப்பின் விழா, அவ்வளவுதான். நாடுகள் தாங்களாகக் கூடிச் சங்கம் வைத்தது 1932 ஜூன் 18, ஜெனிவாவில். அதுவரை கூடைப்பந்து, ஹேண்ட்பால் கூட்டமைப்பின் திண்ணையில் ஒண்டிக்கொண்டு கிடந்தது. ஃபிபா (FIBA) என்ற அந்தச் சங்கம் வந்த பிறகுதான் 1935 ஐரோப்பியப் போட்டி, அதில் லாட்வியா சாம்பியன், அடுத்த வருடம் ஒலிம்பிக்.

பழையபேப்பர்: நந்தனம் உடற்கல்விக் கல்லூரியை 1920-ல் தொடங்கிய ஹாரி பக், நெய்ஸ்மித் வேலை பார்த்த அதே அமெரிக்க ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் படித்த ஒய்.எம்.சி.ஏ. ஆள். அதனால் மெட்ராஸ் பையன்கள் ஆடியதெல்லாம் அவர் வீட்டு விழா ஆகிவிடுமா?

ரீபவுண்ட்ராணி: ஜெனிவாவில் கையெழுத்துப் போட்ட எட்டு நாடுகளைப் பாருங்கள்: அர்ஜென்டினா, செக்கோஸ்லோவாக்கியா, கிரீஸ், இத்தாலி, லாட்வியா, போர்ச்சுகல், ருமேனியா, சுவிட்சர்லாந்து. அமெரிக்கா இல்லை, பிலிப்பைன்ஸ் இல்லை, சீனா இல்லை. தென் அமெரிக்கர்கள் அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1930-ல், மான்டிவிடியோவில் தங்களுக்குள் சாம்பியன்ஷிப் நடத்தி முடித்துவிட்டார்கள். கல்யாணத்தை ரிஜிஸ்டர் செய்த தேதியை வைத்துப் பிள்ளைக்கு வயது கணக்குப் போடுகிறீர்கள் மண்கோர்ட்.

டிஃபென்ஸ்மட்டும்: 1909-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 'மாயக்' என்ற ரஷ்யக் கிளப் அமெரிக்க ஒய்.எம்.சி.ஏ. அணியோடு ஆடியதே, அது?

மண்கோர்ட்: அது கிளப் ஆட்டம். அடுத்து.

ரீபவுண்ட்ராணி: 93-8-ஐப் பார்த்துச் சிரித்தீர்களே, உங்கள் பெர்லின் இறுதி ஆட்டம் மட்டும் என்னவாம்? அமெரிக்கா 19, கனடா 8. இங்கேயும் அதே எட்டு! இரண்டாம் பாதியில் ஆளுக்கு நான்கே புள்ளி.

மண்கோர்ட்: அதற்கு மழையைத் திட்டுங்கள். திறந்தவெளி டென்னிஸ் மைதானம், களிமண் தரை, கொட்டுகிற மழை. மழை பெய்த மறுநாள் எங்கள் பள்ளி மண் தரையில் ஆடியிருக்கிறேன். பந்தைத் தட்டினால் மேலே வராது, சொத்தென்று சேற்றில் உட்கார்ந்துகொள்ளும். குனிந்து எடுத்தால் சோப்புக் கட்டி மாதிரி வழுக்கும். டிரிப்ளிங் கிடையாது, பாஸ் மட்டும்தான். அந்தச் சேற்றில் எட்டுப் புள்ளி எடுத்த கனடாவைக் கும்பிட வேண்டும்.

பழையபேப்பர்: இதை ஒத்துக்கொள்கிறேன். கூரைக்குள் ஆட வேண்டிய ஆட்டத்தை வெளியே போட்டது ஜெர்மன்காரர்கள் செய்த தப்பு.

மண்கோர்ட்: கேள்வியில் "உலக அளவில்" என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் மார்க் எனக்குத்தான்.

பழையபேப்பர்: அப்படிச் சேர்த்திருந்தால், 1950-ல் பியூனஸ் அயர்ஸில் அர்ஜென்டினா அமெரிக்காவை 64-50 என்று சாய்த்த முதல் உலக சாம்பியன்ஷிப்தான் விடை என்று எவனாவது கிளம்புவான். அப்போதும் உனக்கு மார்க் கிடையாது தம்பி.