உதவி தேவை: பழைய மாட்டெலும்பு தரச் சோதனையில் தோற்கிறது, புதியது தேறுகிறது

எலும்புத்தூள்:
அகழாய்வில் கிடைத்த மாட்டெலும்புகளையும், ஒப்பிடுவதற்காக அண்மையில் இறந்த மாடுகளின் எலும்புகளையும் சேர்த்துக் கொலாஜன் (எலும்பிலுள்ள புரதம்) பிரித்தெடுத்து, ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) அளவீட்டுக்கு அனுப்பினேன். சராசரிகள் இவை (கார்பன்-13, நைட்ரஜன்-15 மதிப்புகள், அந்தக் கனமான ஐசோடோப்பு ஒரு பொதுத் தரத்தைவிட ஆயிரத்துக்கு எவ்வளவு கூடுதல் அல்லது குறைவு என்பதைக் காட்டுபவை; ‰ என்பது ஆயிரத்துக்கு).
பழையவை: கார்பன் 41.2%, நைட்ரஜன் 14.7%, கார்பன்/நைட்ரஜன் விகிதம் 2.80, கார்பன்-13 மதிப்பு −21.2‰, நைட்ரஜன்-15 மதிப்பு 5.1‰.
புதியவை: கார்பன் 43.6%, நைட்ரஜன் 13.2%, விகிதம் 3.30, கார்பன்-13 மதிப்பு −24.0‰, நைட்ரஜன்-15 மதிப்பு 7.9‰.
நல்ல கொலாஜனின் விகிதம் 2.9 முதல் 3.6 வரை இருக்க வேண்டும் என்கிறார்கள். அப்படியானால் பழையவற்றைத் தூக்கி எறிவதா? கார்பனில் இத்தனை இடைவெளி இருப்பது மேய்ச்சல் நிலம் அடியோடு மாறியதற்குச் சான்றா?

தராசுமுள்:
எதையும் எறியாதீர்கள். 2.9–3.6 என்பது அணு விகிதத்துக்கான வரம்பு. நீங்கள் சதவீதத்தைச் சதவீதத்தால் வகுத்திருக்கிறீர்கள்; அது நிறை விகிதம். நைட்ரஜன் அணு கார்பனைவிடக் கனமானது என்பதால் 14/12 ஆல், அதாவது 1.17 ஆல் பெருக்க வேண்டும். பழையவை 3.27 ஆகின்றன, அருமையான கொலாஜன். புதியவை 3.85. வரம்பைத் தாண்டுவது அவைதான்.

காரணம் பெரும்பாலும் கொழுப்பு. கொழுப்பில் கார்பன் நிறைய, நைட்ரஜன் கிட்டத்தட்ட இல்லை; அதனால் விகிதம் ஏறும். அதன் கார்பன்-13 மதிப்பும் கொலாஜனைவிடப் பல ‰ தாழ்ந்தது, ஆகவே மொத்த அளவீட்டையும் கீழே இழுக்கும். புதைந்த எலும்பில் விகிதம் ஏறியிருந்தால் மண்ணின் ஹியூமிக் அமிலத்தை (மட்கிய தாவரங்களிலிருந்து வருவது) சந்தேகிக்கலாம். புதிய எலும்பில் அதற்கு வேலையில்லை. குளோரோஃபார்ம்–மெத்தனால் 2:1 கலவையில் ஊறவைத்து, கரைப்பான் தெளிவாக வெளிவரும்வரை மாற்றுங்கள். ஃப்யூம் ஹூடுக்குள் (நச்சு ஆவியை வெளியேற்றும் ஆய்வகப் பெட்டி) நன்றாக உலர்த்திய பிறகே மீண்டும் அளக்க வேண்டும்.

எலும்புத்தூள்:
செய்து பார்த்தேன். கரைப்பான் முதலில் மஞ்சளாக வந்தது, பிறகு நிறமே இல்லை. புதியவற்றின் அணு விகிதம் இப்போது 3.24. கார்பன்-13 மதிப்பு −22.9‰. பழையவற்றுக்கும் இதற்கும் இன்னும் 1.7‰ இடைவெளி இருக்கிறதே?

மரவளையம்:
அது மாட்டின் கதை அன்று, காற்றின் கதை. நிலக்கரியும் எண்ணெயும் பண்டைய தாவரங்களிலிருந்து வந்தவை. அவற்றின் கார்பனில் கார்பன்-13 குறைவு. அவற்றை எரித்து எரித்து, தொழிற்புரட்சிக்கு முன் −6.4‰ அருகில் இருந்த காற்றின் கார்பன் டை ஆக்சைடை ஏறத்தாழ −8.5‰க்குக் கொண்டுவந்துவிட்டோம். புல் அந்தக் காற்றைத்தான் உண்கிறது. இதற்கு சூஸ் விளைவு என்று பெயர். மாடு இறந்த ஆண்டைப் பொறுத்துத் திருத்தம் மாறும். அண்மைக்காலம் என்றால் சுமார் 2‰ கூட்டுங்கள். உங்கள் புதியவை −20.9‰ ஆகும். பழையவற்றோடு 0.3‰தான் வேறுபாடு. இதை வைத்து மேய்ச்சல் நிலம் மாறியது என்று எழுதினால் ஆய்வுக் கட்டுரையைத் திருப்பி அனுப்புவார்கள். தாவரங்களை ஒளிச்சேர்க்கை முறையைக் கொண்டு சி3, சி4 என்று பிரிப்பார்கள்; இரண்டின் கார்பன்-13 மதிப்பும் வேறு. இரண்டு மந்தையும் பெரும்பாலும் நெல், கோதுமை போன்ற சி3 தாவரங்களையே தின்றிருக்கின்றன. சோளம், கம்பு போன்ற சி4 தாவரங்களே முழுத் தீனியாக இருந்திருந்தால் மதிப்பு −8‰, −7‰ அருகில் நிற்கும்.

எலும்புத்தூள்:
நன்றி. நைட்ரஜன் மட்டும் 7.9‰லேயே நிற்கிறது. ஓர் உணவுப்படி ஏறினால், அதாவது தாவரத்திலிருந்து அதைத் தின்னும் விலங்குக்கு, அதிலிருந்து அதைத் தின்னும் விலங்குக்குப் போகப் போக, நைட்ரஜன்-15 மதிப்பு 3 முதல் 5‰ கூடும் என்று படித்தேன். மாடு மாமிசம் தின்றதாகவா சொல்வது?

தராசுமுள்:
கொழுப்பில் நைட்ரஜன் இல்லை என்றேனே, அதனால்தான் அது அசையவில்லை. மாமிசத்துக்குப் போகுமுன் வயதைப் பாருங்கள். பால் குடிக்கும் கன்று தாயின் உடலிலிருந்தே உண்கிறது. ஆகவே அதன் நைட்ரஜன் மதிப்பு தாயைவிட ஒரு படி மேலே இருக்கும். வளர்ந்த மாட்டில் நீளெலும்பின் நுனிகள் தண்டோடு ஒட்டியிருக்கும், கன்றில் ஒட்டியிராது. உங்களுடையவற்றில் ஒட்டிவிட்டனவா? ஒட்டியிருந்தால் அடுத்த சந்தேகம் நிலத்தின் மீது. சாணம் போட்ட வயலில் விளைந்த தீனியும், வறண்ட மண்ணும் நைட்ரஜன்-15ஐ உயர்த்தும். அதே நிலத்து ஆடு, முயல் எலும்பு இருந்தால் அவற்றையும் அளந்து பாருங்கள்; அவையும் உயர்ந்திருந்தால் காரணம் மண்தான்.

எலும்புத்தூள்:
பார்த்தேன். புதியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நுனிகள் ஒட்டவே இல்லை, தண்டும் சிறியது.

தராசுமுள்:
கன்றுகள். அவற்றை ஒப்பீட்டிலிருந்து விலக்கி, வளர்ந்த மாடுகளை மட்டும் வைத்துச் சராசரியை மறுபடி கணக்கிடுங்கள். பழையவற்றிலும் இதே சோதனையைச் செய்துவிடுங்கள்.